தந்தை குடித்தால் தனயனும் குடிப்பானா?

செடெனாக்கில் ஒரு தோட்ட மண்டபத்தில் அண்மையில் நடைபெற்ற மாலைக் கூட்டமொன்றில் உடல்நலம் பற்றி உரையாற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. நீரிழிவு, இரத்த அழுத்தம், உப்பு, சீனி என வழக்கமாகச் சொல்வனவற்றைச் சொல்லி முடித்து, கேள்விகள் உண்டா என்று வினவினேன். இத்தகைய கூட்டங்களில் பெரும்பாலும் கேள்விகள் எழுவதில்லை. தேநீரும் பலகாரமும் காத்திருப்பதை அனைவரும் அறிவர். அன்று மட்டும் பின்வரிசையிலிருந்து ஓர் அம்மையார் எழுந்து நின்றார். ஐம்பது வயதிருக்கும்.

"ஐயா, என் மாமனார் குடித்தே இறந்தார். என் கணவரும் நாற்பத்தாறு வயதில் ஈரல் கெட்டு இறந்தார். மகனுக்கு இப்போது பத்தொன்பது வயது. அவனுக்கும் இது வந்துதான் தீருமா? இது இரத்தத்தில் வருவதா?"

நான் வாய் திறக்குமுன், முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், "நூலைப் போல சேலை, தம்பி" என்றார். சிலர் சிரித்தனர். அம்மையார் சிரிக்கவில்லை.

அன்று ஐந்து நிமிடத்தில் நான் கூறிய பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. தேநீர் வேளையில் அவர் மீண்டும் வந்து, "எழுதிக் கொடுங்கள் ஐயா. நான் சொன்னால் அவன் கேட்கமாட்டான், அச்சில் இருந்தால் படிப்பான்" என்றார். அவர் வேண்டியபடியே இப்பாடத்தை எழுதுகின்றேன்.

முதலில், எதைப் பற்றிப் பேசுகின்றோம் என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். தீபாவளிக்கு ஒரு கிண்ணம் அருந்துபவரெல்லாம் குடிநோயாளர் அல்லர். குடிக்கவேண்டும் என்ற வேட்கை அடங்காமை, தொடங்கினால் நிறுத்த இயலாமை, முன்பு இரண்டு கிண்ணம் தந்த மயக்கத்திற்கு இப்போது ஐந்து கிண்ணம் தேவைப்படுதல், நிறுத்தினால் கைநடுக்கமும் வியர்வையும் உறக்கமின்மையும் தோன்றுதல் ஆகிய இவை ஒருங்கே சேர்ந்த நிலையையே மருத்துவர்கள் மது அடிமைநிலை என்பர். கிரிஃபித் எட்வர்ட்ஸ், மில்டன் கிராஸ் என்னும் இரு மருத்துவர்கள் 1976ஆம் ஆண்டில் இதனை வரையறுத்துக் கூறினர். அது ஒரு நோய். நோய் என்றால் அதற்குக் காரணங்கள் உண்டு.

அக்காரணங்களுள் பரம்பரையும் ஒன்றா? ஆம். அதை மறைப்பதில் பயனில்லை. ஆனால், பரம்பரை என்ற சொல்லை நாம் எப்படிப் புரிந்துகொள்கின்றோம் என்பதிலேதான் பிழை நேர்கின்றது.

செடெனாக்கைச் சுற்றிலும் செம்பனை நிற்கின்றது. செம்பனைக் கொட்டையின் ஓடு தடித்திருக்குமா, மெலிந்திருக்குமா என்பதைத் தீர்மானிப்பது ஒரே ஒரு மரபணு. தடித்த ஓடுடைய டூராவையும் ஓடே இல்லாத பிசிஃபெராவையும் கலந்தால், மெல்லிய ஓடும் மிகுந்த சதையும் உள்ள டெனெரா கிடைக்கின்றது. இன்று நம் தோட்டங்களில் குலை வெட்டப்படுவது பெரும்பாலும் இந்த டெனெராதான். அந்த ஒற்றை மரபணு எது என்பதை மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ஆய்வாளர்கள் 2013இல் கண்டறிந்து வெளியிட்டனர். இங்கே பெற்றோரைச் சொன்னால் பிள்ளையைச் சொல்லிவிடலாம். நூலைப் போலவே சேலை.

குடிநோய் அத்தகையதன்று. அதற்கென்று தனியொரு மரபணு இல்லை. நூற்றுக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே, ஒருவனைக் குடியின் பக்கம் தள்ளவோ விலக்கவோ செய்கின்றன. ஆகவே, இன்னார் குடிநோயாளர் ஆவார் என முன்கூட்டியே கூறவல்ல இரத்தப் பரிசோதனை எதுவும் இன்றுவரை இல்லை. இருப்பதாகக் கூறிப் பணம் கேட்பவரை நம்பவேண்டாம்.

ஓர் ஐயம் எழக்கூடும். குடிகாரத் தந்தையின் மகன் குடிப்பது மரபணுவாலா, அல்லது நாள்தோறும் கண்டு பழகியதாலா? ஒரே வீட்டில் இரண்டும் கலந்திருக்கும்போது எவ்வாறு பிரித்தறிவது? அமெரிக்க மருத்துவர் டொனால்டு குட்வின் இதற்கு ஒரு வழி கண்டார். டென்மார்க் நாட்டில் பிறந்த சில வாரங்களிலேயே வேறு குடும்பங்களுக்குத் தத்துக் கொடுக்கப்பட்ட ஆண் குழந்தைகளின் பதிவேடுகள் முறையாகப் பேணப்பட்டிருந்தன. பெற்றோருள் ஒருவர் குடிநோயாளராக இருந்த 55 பேரையும், அவ்வாறு இல்லாத 78 பேரையும் அவர்கள் வளர்ந்து ஆளான பின் ஆராய்ந்து, 1973இல் முடிவை வெளியிட்டார். முதல் பிரிவில் 10 பேர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். இரண்டாம் பிரிவில் 4 பேர். விழுக்காட்டில் கூறினால் 18க்கு 5. பெற்ற தந்தையின் முகத்தையே அறியாத பிள்ளைகளுக்கும் ஆபத்து ஏறத்தாழ நான்கு மடங்கு இருந்தது. மண்டபத்துப் பெரியவர் கூறியதில் உண்மையே இல்லை என்று சொல்ல இயலாது.

ஆனால், அதே கணக்கை மறுபக்கமிருந்து படியுங்கள். 55 பேரில் 45 பேர் குடிநோயாளர் ஆகவில்லை. நான் ஆசிரியப் பயிற்சி பெற்றவன். கழித்தல் கணக்கை விடாமல் போடும் பழக்கம் எனக்குண்டு. செய்தித்தாள்கள் நான்கு மடங்கு என்பதை எழுதும், நாற்பத்தைந்தை எழுதா.

பின்னர் இரட்டைப் பிள்ளைகளைக் கொண்டும் பல நாடுகளில் ஆய்வுகள் நடைபெற்றன. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர், ஒரு மரத்தின் மொட்டிலிருந்து ஒட்டுக்கட்டிய இரண்டு ரப்பர்க் கன்றுகளைப் போன்றவர். மரபணுவில் வேறுபாடு இராது. அவ்விருவரில் ஒருவர் குடிநோயாளரானால் மற்றவரும் ஆவதற்குரிய வாய்ப்பு, சாதாரண இரட்டையரிடையே இருப்பதைவிட மிகுதி. எனினும் அது நூற்றுக்கு நூறாக ஒருபோதும் இருந்ததில்லை. இத்தகைய ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2015இல் வெளிவந்த தொகுப்பாய்வு, மனிதருக்கு மனிதர் காணும் வேறுபாட்டில் ஏறத்தாழ 49 விழுக்காடு மரபணுவைச் சார்ந்தது எனக் கணக்கிட்டது. பெண்மக்களுக்கு இது பொருந்தாது என எண்ணவேண்டாம். அவர்களிடமும் பரம்பரையின் பங்கு இவ்வளவே.

ரப்பர் மரம் சீவிய மூத்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஆர்.ஆர்.ஐ.எம். 600 என்னும் ஒட்டு மரங்கள் நிரை முழுவதும் ஒன்றே. ஆயினும் மேட்டு நிரையின் பால் வேறு, பள்ளத்து நிரையின் பால் வேறு. பட்டையைக் காயப்படுத்தாமல் சீவுபவர் கையில் ஒரு மரம். காயப்படுத்துபவர் கையில் அதே இன மரம்!

பிள்ளைக்கு வந்து சேர்வது குடிப்பழக்கமன்று; குடியை எதிர்கொள்ளும் உடலமைப்பு. அது என்ன என்பதை அறிவதுதான் இப்பாடத்தின் நடுப்பகுதி. இங்கே அந்த அம்மையார் தேநீர்க் கிண்ணத்துடன் என்னிடம் கூறிய மற்றொரு செய்தியைச் சொல்லியாகவேண்டும்.

"என் மகன் அவன் அப்பாவைப் போல இல்லை, ஐயா. போன மாதம் நண்பன் கல்யாணத்தில் எல்லாரும் குடித்து விழுந்தார்கள். அவனும் குடித்தானாம். ஆனால், நேராக நடந்து வீட்டுக்கு வந்தான், பேச்சுக் குழறவில்லை. மற்ற பிள்ளைகளைத் தாங்கிப் பிடித்துக் கொண்டுவந்து விட்டவனே அவன்தான். அதனால் கொஞ்சம் தைரியமாக இருக்கிறேன்."

நம் தோட்டங்களில் இத்தகையவனைப் புகழ்வது வழக்கம். எவ்வளவு ஊற்றினாலும் நிதானம் தவறாதவன், உறுதியான உடம்பு என்பர். விருந்துகளில் அவனுக்கென்று தனிப் பெருமை உண்டு. அந்தப் பெருமையைத்தான் அறிவியல் தலைகீழாகப் புரட்டிவிட்டது.

கலிஃபோர்னியா மாநிலத்துச் சான் டியேகோ நகரில் மார்க் ஷக்கிட் என்னும் மருத்துவர் 1970களின் இறுதியில் ஓர் ஆய்வைத் தொடங்கினார். இருபது வயதையொட்டிய இளைஞர்கள், இன்னும் குடிநோய்க்கு ஆளாகாதவர்கள், அதில் கலந்துகொண்டனர். அவர்களுள் குடிநோயாளரின் பிள்ளைகளும் இருந்தனர், அல்லாதவரும் இருந்தனர். அனைவருக்கும் அளவறிந்து மது கொடுக்கப்பட்டது. பின்னர் இரத்தத்தில் மதுவின் அளவு எவ்வளவு, நிற்கும்போது உடல் எவ்வளவு தள்ளாடுகின்றது, தமக்கு எவ்வளவு மயக்கம் என அவர்களே எவ்வாறு உணர்கின்றனர் என்பன குறித்துக்கொள்ளப்பட்டன. இரத்தத்தில் அளவு ஒன்றாகவே இருந்தும், குடிநோயாளரின் பிள்ளைகளுள் பலர் குறைவாகவே தள்ளாடினர்; குறைவாகவே மயங்கினர்.

ஏறத்தாழப் பத்தாண்டுகள் கழித்து அவ்விளைஞர்களைத் தேடிப் பிடித்து மீண்டும் ஆராய்ந்தனர். 1994இல் முடிவு வெளியாயிற்று. குடிநோயாளரின் பிள்ளைகளுள், முதன்முதலில் மதுவின் வேகத்தைக் குறைவாக உணர்ந்தவர்களில் 56 விழுக்காட்டினர் குடிநோய்க்கு ஆளாகியிருந்தனர். வேகத்தை நன்கு உணர்ந்தவர்களில் அவ்வாறு ஆனவர் 14 விழுக்காட்டினரே.

காரணம் விளங்கக் கடினமானதன்று. இரண்டாம் கிண்ணத்திலேயே தலை சுற்றுபவனுக்கு உடலே நிறுத்தற் குறி இடுகின்றது. அந்தக் குறி எட்டாதவன் ஐந்தாம் கிண்ணத்திற்குச் செல்கின்றான். அவனோடு ஈடுகொடுக்கக் கூடியவர்களே அவனுடைய நண்பர்களாக அமைகின்றனர். நாளடைவில் உடல் மேலும் பழகி, ஐந்து எட்டாகின்றது. தலைக்கு மயக்கம் எட்டவில்லை என்பதற்காக ஈரலுக்கு நஞ்சு எட்டாமல் இருப்பதில்லை. நேராக நடந்து வந்தான் என அன்னை ஆறுதலடைந்த அதே செய்திதான், அக்குடும்பத்தின் வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கையில், முதல் எச்சரிக்கை. இதை அவரிடம் கூறியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. கூறாமல் விட்டிருக்கலாமோ என்று வழியெல்லாம் எண்ணினேன். கூறியது சரியே என்றுதான் இன்றும் கருதுகின்றேன்.

மூளையின் இயல்பிலும் ஒரு வேறுபாடு கண்டறியப்பட்டுள்ளது. புதியதோர் ஒலியோ உருவமோ தோன்றும்போது மூளையில் மூன்றில் ஒரு நொடி அளவில் எழும் மின்னலையை அறிஞர்கள் பி 300 என்பர். குடிநோயாளரின் ஆண்மக்கள், 7 முதல் 13 வயதினர், மதுவைத் தொட்டேயிராதவர்கள், அவர்களிடம் இவ்வலை தாழ்ந்திருப்பதை ஹென்றி பெக்லைட்டர் குழுவினர் 1984இல் அமெரிக்காவில் கண்டனர். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் ஆய்வுக்கழகமாகிய நிம்ஹான்சில் விவேக் பெனகல் முதலியோர் தென்னிந்தியக் குடும்பங்களிடையே இதனை ஆராய்ந்து, உறவில் ஆபத்து மிகமிக அலையின் உயரம் குறைவதை 1995இல் வெளியிட்டனர். எனவே, இது வெள்ளையருக்கு மட்டும் உரிய செய்தி எனத் தள்ளிவிட இயலாது. உந்துதலை அடக்கும் ஆற்றல் சற்றுத் தாமதமாக முதிரும் பிள்ளைகளிடம் இவ்வேறுபாடு காணப்படுகின்றது என்பது பொதுவான விளக்கம். துறுதுறுப்பான பிள்ளைகளெல்லாம் குடிகாரர் ஆவர் என்று யாரும் இதற்குப் பொருள் கொள்ளவேண்டாம். வகுப்பறையில் அத்தகைய பிள்ளைகளை நான் நிரம்பக் கண்டிருக்கின்றேன். அவர்களுள் நல்ல நிலையில் இருப்பவரே பலர்.

இனி, பரம்பரை காக்கவும் செய்யும் என்பதற்கு நம் அண்டை வீட்டிலேயே சான்றுண்டு. கூலாய்ப் பட்டணத்துச் சீன நண்பர்கள் சிலர் அரைக் கிண்ணம் பீர் அருந்தியதுமே முகமும் கழுத்தும் சிவந்து, நெஞ்சு படபடக்க அமர்ந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். மது உடலினுள் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நஞ்சாக மாறுகின்றது, அதனை ஏ.எல்.டி.எச். 2 என்னும் நொதி தீங்கற்ற பொருளாக மாற்றுகின்றது. கிழக்காசிய மக்களில் மூன்றிலொரு பங்கினருக்கும் மேலானோரிடம் இந்நொதி வலுக்குறைந்து காணப்படுகின்றது. நஞ்சு தேங்குவதால் குடி அவர்களுக்கு இன்பம் தருவதில்லை. தென்னிந்தியரிடையே இவ்வியல்பு மிக அரிது. அந்தக் காவல் நமக்கு இல்லை என்பதை மனத்தில் கொள்ளவேண்டும். முகம் சிவந்தும் விடாமல் குடிப்பவருக்கு உணவுக்குழாய்ப் புற்றுநோய் ஆபத்து மிகுதி என்பதையும் அந்நண்பர்களிடம் கூறுங்கள்.

ஆனால், அக்காவலும் உடையக்கூடியதே. ஜப்பானியக் குடிநோயாளரிடையே இத்தகைய காவல் மரபணு ஒன்றைப் பெற்றிருந்தும் நோய்க்கு ஆளானவர் 1979இல் 2.5 விழுக்காடு, 1986இல் 8 விழுக்காடு, 1992இல் 13 விழுக்காடு. பதின்மூன்று ஆண்டுகளில் ஒரு நாட்டு மக்களின் மரபணு மாறிவிடாது. மாறியது சமுதாயம். வேலை முடிந்ததும் கூடிக் குடித்தே தீரவேண்டும் என்ற வழக்கம், உடல் மறுத்தவரையும் குடிக்க வைத்தது.

நம் வரலாற்றையும் இக்கண்கொண்டு நோக்குதல் நன்று. தமிழ்த் தொழிலாளிக்குக் கள் இன்றேல் வேலை ஓடாது, அது அவன் இரத்தத்தில் ஊறியது என்று எண்ணிய துரைமார் பலர் இந்நாட்டில் இருந்தனர். லயத்திற்கு அருகிலேயே உரிமம் பெற்ற கள்ளுக்கடை. சம்பள நாளில் அதன் வாசலில் கூட்டம். அப்படியிருக்க, 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கூலி உயர்வோடு சேர்த்து அவர்கள் கேட்டது என்ன? கள்ளுக்கடைகளை மூடுங்கள் என்பதே. அவர்களுக்குத் தலைமை தாங்கிய ஆர்.எச். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். போருக்குப் பின் 1946, 1947ஆம் ஆண்டுகளில் கெடாவில் தொண்டர் படையினர் கள்ளுக்கடைகளின்முன் மறியல் செய்தனர். கடையைக் கேட்ட இரத்தமும் கடையை மூடச் சொன்ன இரத்தமும் ஒன்றுதானே? மூன்று தலைமுறையாகக் குடும்பம் குடித்தது என்றால், மூன்று தலைமுறையாகக் கடை எங்கே இருந்தது என்றும் சேர்த்துக் கேட்கவேண்டும்.

இன்று கடை லயத்தில் இல்லை. நெடுஞ்சாலையும் தரவு மையங்களும் வந்த பின் செடெனாக்கே மாறி வருகின்றது. நம் இளைஞர்கள் வெளியூரில் வேலை செய்து, யாரும் அறியாத அறைகளில் தங்குகின்றனர். பின்லாந்து நாட்டின் பதின்வயது இரட்டையரை ஆராய்ந்தோர் 2001இல் கூறியது இங்கே நினைவிற்கு வருகின்றது: ஒருவரையொருவர் அறிந்த நாட்டுப்புறங்களைவிட, மக்கள் வந்துபோகும் நகர்ப்புறங்களில்தான் மரபணுவின் செல்வாக்கு மிகுதியாக வெளிப்பட்டது. ஊர்க்கண் விலகும் இடத்தில் உள்ளே உறங்கிய விதை முளைக்கின்றது போலும்.

குடும்பத்திற்குள் என்ன செய்யலாம் என்பதற்கும் ஓர் ஆய்வு உண்டு. ஸ்டீவன் வோலின், லிண்டா பென்னட் முதலியோர் குடிநோயாளர் உள்ள 25 குடும்பங்களை ஆராய்ந்து 1980இல் வெளியிட்டது அது. தந்தை குடித்துவிட்டு வந்தபோதும் இரவுணவு குறித்த நேரத்தில் நடந்ததா? பண்டிகை பண்டிகையாகவே நடந்ததா? அல்லது அவருடைய நிலைக்கேற்ப எல்லாம் குலைந்ததா? இவற்றைக் கேட்டறிந்தனர். வழக்கங்கள் குலையாமல் காக்கப்பட்ட வீடுகளில், நோய் அடுத்த தலைமுறைக்குச் செல்வது குறைவாக இருந்தது. சிறிய ஆய்வுதான். எனினும், கணவர் திண்ணையில் விழுந்துகிடக்கையில் பிள்ளைகளை அமரவைத்துச் சோறு பரிமாறிய தாய்மார்கள் வீணாக ஒன்றும் செய்துவிடவில்லை என அறிவதில் எனக்கு மகிழ்ச்சியே. அந்த அம்மையாரும் அப்படித்தான் வளர்த்தாராம்.

வயதும் முக்கியமானது. அமெரிக்காவில் 1997இல் வெளியான பேராய்வொன்றில், 15 வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கியவர்களுள் 40 விழுக்காட்டினர் வாழ்வில் ஏதோவொரு கட்டத்தில் அடிமைநிலையை எய்தியிருந்தனர். 20 வயதிலோ அதன் பின்னரோ தொடங்கியவர்களுள் ஏறத்தாழ 10 விழுக்காட்டினரே. முன்னரே தொடங்குவோர் இயல்பாகவே ஆபத்து மிகுந்தோராக இருக்கலாம் என்பது ஒரு மறுப்பு. அது ஓரளவு உண்மையாயினும், வளரும் மூளைக்கு மது தீங்கு என்பதில் கருத்து வேறுபாடில்லை. நம் நாட்டில் மது வாங்குவதற்குரிய குறைந்த வயது 2017 டிசம்பர் 1 முதல் 21. ஆகவே, பத்தொன்பது வயது இளைஞருக்குத் திருமண வீட்டில் ஊற்றிக் கொடுத்த மாமன்மார் சட்டத்தையும் சற்று எண்ணிப்பார்த்தல் நலம்.

இப்பழக்கம் லயத்து ஏழைகளின் பழக்கம் என எண்ணுவோரும் உளர். சென்னையில் டி.டி. ரங்கநாதன் என்பவர், இந்திய நிதியமைச்சராக இருந்த டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் பேரர், பெரும் தொழிற்குடும்பத்தில் பிறந்தவர், குடிநோயால் 1979இல் காலமானார். அவருடைய துணைவியார் சாந்தி ரங்கநாதன் மறு ஆண்டே அவர் பெயரில் ஓர் அறக்கட்டளையைத் தொடங்கி, சிகிச்சை நிலையம் நடத்தினார். டி.டி.கே. மருத்துவமனை எனத் தமிழ்நாட்டில் பலரும் அறிவது அதுவே. நோயாளருக்கு மட்டுமன்றி மனைவிக்கும் குடும்பத்தினருக்கும் அங்கே தனியே அறிவுரையும் சிகிச்சையும் அளிக்கப்படுகின்றன. 1992இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது.

இனி அந்த இளைஞருக்கு. தம்பி, உங்கள் தந்தையின் முடிவு உங்கள் நெற்றியில் எழுதப்படவில்லை. ஆனால், உங்கள் நண்பருக்குப் பாதுகாப்பான அளவு உங்களுக்குப் பாதுகாப்பானதன்று. நீரிழிவு உள்ள குடும்பத்துப் பிள்ளை சீனியைப் பற்றி எண்ணுவது போல நீங்கள் இதைப் பற்றி எண்ணவேண்டும். குடிக்காமலே இருப்பதுதான் உங்கள் நிலையில் உள்ளவருக்கு நான் தரக்கூடிய நேர்மையான அறிவுரை. அதை ஏற்கமாட்டீர்கள் என்றால், எத்தனை கிண்ணம் என்பதை மயக்கத்தைக் கொண்டு அளக்காமல் எண்ணிக்கையைக் கொண்டு அளவுங்கள்; உங்கள் மயக்கம் உங்களுக்கு உண்மை சொல்லாது. மருத்துவரிடம் எதற்குச் சென்றாலும் தந்தையும் பாட்டனாரும் எதனால் இறந்தனர் என்பதைக் கூறுங்கள்.

இதைப் படிப்போருள் ஏற்கெனவே நாள்தோறும் குடிப்பவர் இருப்பின், அவருக்கும் அவர் மனைவிக்கும் ஒரு செய்தி. கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு ஒரே நாளில் நிறுத்துவது நம்மிடையே வழக்கம். எண்ணம் நல்லதே. ஆனால், நீண்ட நாள் பெருங்குடிக்குப் பின் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாள்களில் வலிப்பும், இரண்டாம் நாள் முதல் நான்காம் நாள் வரை இல்லாதன தோன்றும் பிதற்றலும் ஏற்படக்கூடும். உயிரே போவதும் உண்டு. ஆகவே, கயிறு கட்டுவதற்கு முன் அரசாங்க மருந்தகத்திற்குச் செல்லுங்கள். நடுக்கத்தை அடக்கும் மருந்தும், பி 1 ஊட்டச்சத்தும் கொடுத்து, பாதுகாப்பாக நிறுத்த உதவுவர். தேவையெனில் கூலாய் மருத்துவமனைக்கோ ஜொகூர் பாருவின் தம்போயிலுள்ள பெர்மாய் மருத்துவமனைக்கோ அனுப்புவர். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இப்போது உண்டு. முதல் நாள் மனைவியும் உடன் செல்லட்டும். எவ்வளவு குடிக்கின்றார் என்று மருத்துவர் கேட்கும்போது சரியான கணக்கைச் சொல்ல ஒருவர் வேண்டும்.